வெறும் கிடங்குதானே!

“வெறும் கிடங்குதானே, ஐயா! கோயிலா, குளமா? இடித்துத் தள்ளினால் என்ன குடிமுழுகிப் போய்விடும்?”

நைனார்பாளையத்துப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எனக்கு எழுதிய கடிதத்தில் இந்த வாசகம் இருக்கிறது. இது அவருடைய சொந்த அபிப்பிராயம் அல்ல. ஊர்ப் பெரியவர்கள் சொல்வதாம். தானியம் போட்டு வைத்த பழைய கட்டிடம் ஒன்று பல காலமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைத் தரைமட்டமாக்கிவிட்டு அங்கே ஒரு கல்யாண மண்டபம் எழுப்பலாமென்று பேச்சு நடக்கிறது. தமக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று நாலு பேர் நடுவில் எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. ‘நீங்கள் கதை எழுதுகிறவர், சொல்லத் தெரிந்தவர், நீங்களே சொல்லுங்கள்’ என்று முடித்திருக்கிறார்.

சொல்கிறேன். அவர் பெயரையும் அந்தக் கிராமத்தின் பெயரையும் மட்டும் சொல்லப் போவதில்லை. அவசியமும் இல்லை. இப்படி ஒரு கட்டிடம் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் ஏது? ஓர் ஊரில் அது பஞ்சுக் கிடங்கு. இன்னோர் ஊரில் வெல்ல மண்டி. மற்றோர் ஊரில் ரயிலடி ஓரத்துச் சரக்குக் கொட்டகை. வேறோர் ஊரில் புகைபோக்கி மட்டும் தனியே நிற்கிற அரிசி ஆலை. எல்லா ஊரிலும் அதன்மேல் எழுதியிருக்கிற தீர்ப்பு ஒன்றேதான்: ‘வெறும்!’

இந்த ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

கோயில் என்றால் கும்பிடுகிறோம்; கோட்டை என்றால் வாய் பிளக்கிறோம்; ராஜா குடியிருந்த மாளிகை என்றால் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். அந்த ராஜாவுக்குச் சோறு போட்ட நெல் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்க மாட்டோம். நம்முடைய சரித்திர நாவல்களை எடுத்துப் பாருங்கள். சுரங்க வழி உண்டு, பூங்காவனம் உண்டு, நிலா முற்றம் உண்டு. நெற்களஞ்சியம் மட்டும் இராது. அதில் ஒரு காதல் காட்சி நடத்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை போலும்!

ஆனால் நம் முன்னோர் இப்படி வெட்கப்பட்டவர்கள் அல்லர். பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலுக்குப் போயிருக்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய வட்டமான நெற்களஞ்சியம் ஒன்று, தலையில் கூம்புக் குல்லா வைத்துக்கொண்டு, கோயிலுக்குள்ளேயே நிற்கிறது. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பார்கள். ஸ்ரீரங்கத்திலும் கோயில் மதிலுக்குள்ளே வட்ட வட்டமான களஞ்சியங்கள் உண்டு. சாமிக்கு எவ்வளவு பக்கத்தில் தானியத்தை வைத்தார்கள், பாருங்கள்! ‘கோயிலா, கிடங்கா’ என்று நாம் இன்று கேட்கிற கேள்வியை அவர்களிடம் கேட்டிருந்தால், ‘ஏனப்பா, இரண்டும் ஒன்றுதானே!’ என்று சிரித்திருப்பார்கள்.

அந்தச் சொல்லுக்கே ஒரு கதை உண்டு. கிடங்கு என்கிற நம் சொல்தான் வணிகர்களோடு கப்பலேறி, மலாய் நாட்டில் ‘குடாங்’ ஆகி, அங்கிருந்து வெள்ளைக்காரன் வாயில் ‘கோடவுன்’ ஆகி, நம்மிடமே கடன் சொல்லாகத் திரும்பி வந்தது என்று அகராதிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். தெலுங்குச் சொல்தான் மூலம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எப்படியானாலும், சரக்குப் போட்டு வைக்க ஓர் இடம் வேண்டும் என்பதைக் கடல் தாண்டிச் சொல்லிக் கொடுத்தவர்களின் வாரிசுகள் நாம். நாம்தான் ‘வெறும்’ என்கிறோம்!

உபதேசம் போதும். ஒரு கிடங்கின் கதையைச் சொல்கிறேன். கதை என்று சொன்னாலும் இதில் கற்பனை ஒரு சிட்டிகையும் கிடையாது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பிரடெரிக் டியூடர் என்று ஒருவன். குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்து பாளம் பாளமாகக் கிடக்கும். இதை வெட்டியெடுத்து வெயில் காய்கிற தேசங்களுக்குக் கொண்டு போய் விற்றால் என்ன என்று அவனுக்கு ஒரு யோசனை. 1806-ல் மார்த்தினிக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பினான். ஊர் சிரித்தது. அவன் விடவில்லை. மரத்தூளை மெத்தை போல் பரப்பி, அதன் நடுவில் பனிப்பாளங்களை அடுக்கினால் உருகுவது குறையும் என்று கண்டுகொண்டான். 1833-ல் ‘டஸ்கனி’ என்ற கப்பல் நூற்றெண்பது டன் பனிக்கட்டியோடு பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, நாலு மாசம் கடலில் மிதந்து, கல்கத்தாவை அடைந்தபோது சுமார் நூறு டன் மிச்சமிருந்தது. மிச்சமிருந்ததே அதிசயம்! அதைப் போட்டு வைக்கக் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று பட்டணங்களிலும் கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கிடங்கு 1842-ல் கடற்கரையோரம் கட்டப்பட்டது. அதுதான் ஐஸ் ஹவுஸ்.

இதைவிட வெறுமையான கிடங்கு உலகத்தில் இருக்க முடியுமா, சொல்லுங்கள்! நெல்லா, உப்பா, பருத்தியா? ஏழைக்கு உதவுகிற ஒரு வஸ்துவும் அதில் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார்களின் மதுக் கிண்ணத்தில் மிதப்பதற்காகப் பாதி உலகத்தைச் சுற்றி வந்த தண்ணீர்! காற்றும் வெயிலும் புகுந்துவிடக் கூடாதென்று எழுப்பிய கனத்த சுவர்கள். தோரோ என்ற அமெரிக்க ஞானி, தான் குடியிருந்த வால்டன் குளத்திலும் பனி வெட்டுவதைப் பார்த்துவிட்டு, சென்னையிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் தன் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கிறார்கள் என்ற கருத்தில் 1854-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதினார். அந்த வரியில் கவிதை இருக்கிறது. ஆனால் சென்னையில் வெயிலில் வாடினவர்கள் எல்லாரும் அதைக் குடித்தார்கள் என்று நம்புவதற்கில்லை!

1870-களில் எந்திரத்தினால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்ய ஆரம்பித்தார்கள். பாஸ்டன் கப்பலுக்கு வேலை போயிற்று. கிடங்கு காலியாயிற்று. ‘இடித்துத் தள்ளு’ என்று சொல்ல அதைவிட நல்ல தருணம் எது? காரணமும் கைவசம் இருந்தது: தொழில் செத்துவிட்டது, ஜன்னல் இல்லாத வீட்டில் மனுஷன் குடியிருக்க முடியாது.

ஆனால் சென்னை ஹைக்கோர்ட்டு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை விலைக்கு வாங்கினார். சுவர்களில் ஜன்னல் திறந்தார், தாழ்வாரங்கள் சேர்த்தார். தமக்கு வேண்டிய நீதிபதி கெர்னான் பெயரால் ‘காஸில் கெர்னான்’ என்று நாமகரணம் செய்தார். ஏழை மாணவர்களுக்கு அங்கே இடம் கொடுத்தார். 1897-ல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய ஸ்வாமி விவேகானந்தர் பிப்ரவரி 6-ஆம் தேதி சென்னைக்கு வந்தபோது தங்கியது அந்த வீட்டில்தான். ஒன்பது நாள் தங்கினார். பட்டணமே அந்த வாசலில் திரண்டது. ‘இங்கே ஒரு மடம் வேண்டும்’ என்று பக்தர்கள் கேட்க, ஸ்வாமி ராமகிருஷ்ணானந்தரை அனுப்பி வைத்தார். தென்னாட்டில் ராமகிருஷ்ண மடம் முளைவிட்டது பனிக்கட்டி உருகின அந்தத் தரையில்தான்! ஐயங்கார் காலமான பின் கட்டிடம் ஏலத்துக்கு வந்தது. 1907-ல் மடம் மயிலாப்பூரில் சொந்த இடத்துக்குப் போயிற்று.

கதை முடிந்ததா? இனிமேல்தான் எனக்குப் பிடித்த அத்தியாயம்.

சகோதரி சுப்புலக்ஷ்மி 1886-ல் பிறந்தவர். சிறுமிப் பருவம் மாறுவதற்குள் கல்யாணம், உடனே கைம்மை. அழுதுகொண்டு மூலையில் உட்காராமல் படித்து, 1911-ல் பி.ஏ. தேறினார். தம்மைப் போல் விதவைகளான சிறுமிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு எழும்பூரில் ஓர் இல்லம் ஆரம்பித்தார். எண்ணிக்கை பெருகியது, இடம் போதவில்லை. தலை மழித்த ஒரு பெண் எதிரே வந்தால் சகுனத் தடை என்று வீட்டுக்குள் திரும்பிப் போகிற காலம் அது. அப்படிப்பட்ட பெண்கள் ஒரு கூட்டமாக வந்தால் எந்த வீட்டுக்காரன் வாசலைத் திறப்பான்? திறந்தது ஐஸ் ஹவுஸ். அரசாங்கம் 1917-ல் அந்தக் கட்டிடத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்களுக்கு இடமாக்கிற்று. வீட்டின் இருட்டு மூலையிலே முடங்கிக் கிடக்க வேண்டியவர்கள் என்று ஊர் விதித்த சிறுமிகள், கடலைப் பார்த்த ஜன்னலண்டை உட்கார்ந்து பாடம் படித்தார்கள். பலர் உபாத்தியாயினிகளாகி வெளியே போனார்கள். பிற்காலத்தில் அது ஆசிரியைகளின் விடுதியாகவும் இருந்தது. 1963-ல், சுவாமிஜியின் நூற்றாண்டையொட்டி, ‘விவேகானந்தர் இல்லம்’ என்று பெயர் சூட்டினார்கள். 1997-ல் குத்தகையாக மடத்தின் கைக்கு வந்து, 1999 டிசம்பரில் காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்டது. கல்கத்தாக் கிடங்கும் பம்பாய்க் கிடங்கும் இடிந்து மண்ணாகிப் போயின. சென்னைக் கிடங்கு நிற்கிறது.

இப்போது கேட்கிறேன்: எந்த நாளில் அது ‘வெறும்’ கிடங்கு? பனிக்கட்டி வியாபாரம் நொடித்துப் போன அன்றைக்கு ஒரு புத்திசாலி கடப்பாரையைத் தூக்கியிருந்தால், அவன் இடித்திருக்கக் கூடியது ஒரு பனிக்கட்டி அறையை மட்டுமா? இன்னும் பிறக்காத ஒரு மடத்தை, இன்னும் பிறக்காத ஒரு பள்ளியை, ‘உனக்கு இடமில்லை’ என்று எல்லா வாசலிலும் கேட்ட ஒரு சிறுமிக்குக் கிடைத்த ஒரே வாசலை இடித்திருப்பான். பழைய கட்டிடத்தை இடிக்கிறவன் கடந்த காலத்தைத்தான் இடிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். உண்மையில் அவன் கைவைப்பது வருங்காலத்தின்மேல்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஐயங்கார் ஜன்னல் திறந்தார். ‘பழையது, ஒரு செங்கல்லையும் தொடாதே’ என்று அவர் அதைப் பொம்மை போல் பூட்டி வைக்கவில்லை. ஆகவே, நான் ஏதோ பழம்பெருமை பேசி, மாறுதலே கூடாது என்று அடம் பிடிக்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். மாற்றுங்கள். ஜன்னல் திறவுங்கள், தளம் போடுங்கள், மின்விளக்கு ஏற்றுங்கள். இடிக்காதீர்கள் என்பது மட்டும்தான் என் வழக்கு.

இது ஏதோ தப்பித்தவறி நடந்த ஓர் அதிசயம் என்றும் நினைக்க வேண்டாம். சென்னைக் கடற்கரைச் சாலையில் 1793-ல் வணிகர்கள் தங்கள் அலுவலுக்கும் சரக்குக்குமாகக் கட்டிய பெண்டிங்க் கட்டிடத்தில்தான் சுப்ரீம் கோர்ட்டு கூடியது. பிறகு ஹைக்கோர்ட்டும் 1892-ல் இப்போதைய சிவப்புக் கட்டிடத்துக்குப் போகும் வரை அங்கேதான் இருந்தது. மூட்டை அடுக்கிய இடத்தில் சட்டப் புத்தகங்களை அடுக்கினார்கள். மூட்டைக்குத் தாங்கிய சுவர் நீதிக்கும் தாங்கிற்று. பின்னால் அது கலெக்டர் கச்சேரியாகவும் இருந்து, கடைசியில் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று சிங்காரவேலர் மாளிகை நிற்கிறது.

இனி, சோகக் கதை ஒன்று. பெரம்பூர் பின்னி ஆலை: பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று இரட்டைப் பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. அதன் காக்கித் துணியைப் போடாத போலீஸ்காரன் ஒரு காலத்தில் அபூர்வம். அதன் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சரித்திரக்காரர்கள் அதைச் சொல்கிறார்கள். வாடியா தலைவர், நம் திரு. வி. க. அதில் உழைத்தவர். 1921-ல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, சாவு. 1996-ல் ஆலை மூடப்பட்டது. அப்புறம் அந்தப் பிரம்மாண்டமான கிடங்குகள் என்ன ஆயின? சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போயின. கதாநாயகன் வில்லனின் அடியாட்களைப் பந்தாடுகிற இடம், பீப்பாய்கள் உருளுகிற இடம், கண்ணாடி நொறுங்குகிற இடம், பெரும்பாலும் அதுதான். பிறகு நிலம் அடுக்குமாடி வீடுகளுக்கானது.

சினிமாவைக் குறை சொல்லவில்லை. பூட்டிக் கிடப்பதற்குப் படப்பிடிப்பு மேல். என் துக்கம் வேறு. திரையில் அந்தக் கிடங்கைப் பார்த்துக் கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தரையில் நின்ற மனுஷர்களைத் தெரியும்? பொய்ச் சண்டை நூறு முறை எடுத்த இடத்தில், மெய்யாக நடந்த சண்டையை ஒரு முறையாவது யாரும் நினைத்தார்களா? கட்டிடம் நின்றால் மட்டும் போதாது. அதன் ஞாபகமும் அதனோடு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அது வேடம் போட்ட பிணம்.

இங்கே நான் இன்னொரு கூட்டத்தோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. இடிக்கிறவர்களைவிட இவர்கள் நாகரிகமானவர்கள். ‘ஆகா, பழமை! ஆகா, மரபு!’ என்று கண்ணில் நீர் மல்கச் சொல்வார்கள். கிடங்கை வாங்குவார்கள். சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டிச் செங்கல்லை வெளியே தெரியும்படி வைப்பார்கள், அதற்குப் பெயர் அழகு. பழைய தராசைத் தூக்கி மூலையில் மாட்டுவார்கள், அதற்குப் பெயர் கலை. மங்கலான விளக்கைப் போட்டு, ஒரு குவளைக் காப்பிக்கு ஒரு நாள் கூலியை வாங்குவார்கள், அதற்குப் பெயர் பாதுகாப்பு! முப்பது வருஷம் அந்தக் கிடங்கில் மூட்டை சுமந்து முதுகு வளைந்த ஒரு கிழவன் என்றைக்காவது அந்த வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தால், சீருடை போட்ட காவல்காரன் ‘போ, போ’ என்பான். இதுவா பாதுகாப்பு? சுவர் பிழைத்தது, ஊர் வெளியே தள்ளப்பட்டது. கடப்பாரை செய்கிற வேலையை இவர்கள் பூமாலை போட்டுச் செய்கிறார்கள்.

பழசைப் புதுசாக்க வேறு வழியே இல்லையா? இருக்கிறது. கொச்சிக் கோட்டையில் ஆஸ்பின்வால் என்பவரின் கம்பெனி 1867-லிருந்து மிளகும் இஞ்சியும் தேங்காயெண்ணெயும் ஏற்றுமதி செய்த வளாகத்தில், 2012 டிசம்பர் 12 முதல் இரண்டாண்டுக்கு ஒரு முறை என்ற திட்டத்தில் கலைக் கண்காட்சி நடத்தத் தொடங்கினார்கள். பக்கத்தில் மிளகுக் கிடங்கு ஒன்றும் அப்படியே. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் 1981-ல் மூடிய ஒரு மின்சார நிலையத்தை 2000-ல் சித்திரக்கூடமாக்கினார்கள். அதன் சொந்தச் சேகரிப்பைப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆகவே, நான் வைக்கிற உரைகல் ஒன்றே ஒன்று: யார் உள்ளே நுழையலாம்? இதற்குப் பதில் ‘ஊரார் எல்லாரும்’ என்றால், மாற்றம் நல்ல மாற்றம். ‘காசுள்ளவர்’ என்றால், நீங்கள் கிடங்கைக் காப்பாற்றவில்லை, கைப்பற்றியிருக்கிறீர்கள்.

‘கொச்சியும் லண்டனும் இருக்கட்டும் ஐயா, நைனார்பாளையத்துக்குச் சித்திரக்கூடம் எதற்கு?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நைனார்பாளையத்துக்கு வேண்டியது சித்திரக்கூடம் அல்ல. என்ன வேண்டும் என்பதை அந்தப் பக்கத்துச் சாலையே சொல்லும்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. மேற்கே கல்வராயன் மலை. கீழே நெல், கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி, பருத்தி. அறுவடைக் காலத்தில் சின்னசேலத்துச் சுற்று வட்டாரத்தில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும்: சாலையில் பாதி மக்காச்சோளம். தார்ச் சாலையே களம். லாரிச் சக்கரமே சூடு மிதிக்கிற மாடு! மேகம் கறுத்தால் போதும். பெண்டு பிள்ளைகள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் வியாபாரி வைத்ததே விலை. நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் மூட்டைகள் மழையில் நனைந்து முளைவிட்டன என்று வருஷா வருஷம் பத்திரிகையில் படம் போடுகிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு ‘ஐயோ’ என்கிறோம். அதே ஊர்ப் பக்கத்தில், தானியத்துக்கென்றே கட்டிய கட்டிடம் ஒன்றைப் பூட்டி வைத்துக்கொண்டு, இடிக்க நாள் பார்க்கிறோம்! இதற்குப் பெயர் என்ன? நான் நல்ல வார்த்தையில் சொல்ல வேண்டுமென்றால், விவேகக் குறைவு.

கிடங்கு என்பது விவசாயிக்கு வெறும் கூரை அல்ல. அது அவனுடைய பொறுமை. கூரை இல்லாதவனுக்குப் பொறுத்திருக்க வழியில்லை. அறுத்த அன்றே விற்றாக வேண்டும். எல்லாரும் அன்றே விற்பதால் விலை தரையில் கிடக்கும். பண்டத்தை மழை படாமல் போட்டு வைத்து, அதன்மேல் ஒரு கடனும் வாங்க முடிந்தவன், இரண்டு மாசம் கழித்துத் தலைநிமிர்ந்து விலை பேசலாம். இந்த எளிய உண்மையைக் கண்டுகொண்டுதான் 1956-ல் கிடங்குகளுக்கென்று சட்டம் செய்து, 1957-ல் மத்தியக் கிடங்கு நிறுவனமும், 1958-ல் நம் மாநிலத்துக் கிடங்கு நிறுவனமும் ஏற்படுத்தினார்கள். 1965-ல் பொங்கலன்று இந்திய உணவுக் கழகம் தஞ்சாவூரில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தோடு பிறந்தது. 2007-ல் செய்த சட்டம், கிடங்கு ரசீதையே ஒரு சொத்துப் பத்திரம் போல் கைமாற்ற வழி செய்தது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலே பண்டத்தை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். எல்லாம் சரி. ஆனால் பத்து மூட்டை வைத்திருக்கிறவன், வண்டி வாடகை கொடுத்துப் பட்டணத்துக் கூடத்துக்குக் கொண்டு போனால், லாபத்தில் பாதி வாடகைக்கே போய்விடுகிறது. அவனுக்கு வேண்டியது கூப்பிடு தூரத்தில் ஒரு கூரை. அந்தக் கூரை ஏற்கெனவே நிற்கிறது என்பதுதான் என் வாதம்.

அதுவும் எப்படிப்பட்ட கூரை! பழைய கிடங்கு கட்டினவனுக்கு மின்விசிறி தெரியாது. ஆனால் காற்று தெரியும். தரையைத் தெருவைவிட உயர்த்திக் கட்டினான், ஈரம் ஏறாது. சுவரைக் கனமாக எழுப்பினான், வெயில் உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உச்சியில் சின்னச் சின்னச் சாளரங்கள் வைத்தான், சூடான காற்று மேலே ஏறி வெளியே போய்விடும். சுண்ணாம்புக் காரையை ஆற அமர அரைத்துப் பூசினான், அது சுவரின் ஈரத்தை வெளியே மூச்சு விடும். இதை இடித்துவிட்டுத் தகரக் கொட்டகை போட்டால், சித்திரை வெயிலில் அதற்குள் மனுஷனும் நிற்க முடியாது, விதையும் முளைக்கும் சக்தியோடு இராது. சுட்ட செங்கல் ஒவ்வொன்றிலும் என்றோ எரிந்த விறகு இருக்கிறது. அதை இடித்துக் குப்பையாக்கிவிட்டு, மறுபடி சிமெண்டும் இரும்பும் வாங்குவது இரட்டைச் செலவு. பூமி சூடேறுகிறதென்று மாநாடு கூட்டுகிற இந்தக் காலத்தில் இது ஒரு பாவமும்கூட.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதையும் கேட்போம். ‘கட்டிடம் விழுந்து நாலு பேர் செத்தால் நீர் வருவீரா?’ என்பார்கள். வர மாட்டேன், ஆகையால்தான் சொல்கிறேன், முதலில் ஓர் எஞ்சினீயரைக் கூட்டி வந்து காட்டுங்கள். சுவர் பிளந்து, அஸ்திவாரம் இறங்கி, உயிருக்கு ஆபத்து என்று அவர் எழுதிக் கொடுத்தால், நானே கடப்பாரைக்கு வழிவிடுகிறேன். ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? ஓடு நாலு உடைந்தால் மாற்ற மாட்டோம், மழை இறங்கும், உத்தரம் உளுக்கும், அரசமரம் வேர் விடும், அப்புறம் ‘பார்த்தீரா, பழையது, தாங்காது’ என்போம். பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு, வயசாகிச் செத்தான் என்று சொல்கிற சாமர்த்தியம் இது!

‘சொந்தக்காரருக்கு அவர் சொத்தை என்ன செய்யவும் உரிமை உண்டே’ என்பார்கள். உண்டு. தனி மனிதர் சொத்தானால் அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் கேட்க வேண்டும். ஊரே வாடகை பேசிக் கேட்கட்டும். பொதுச் சொத்தானால் கும்பிடவும் வேண்டியதில்லை, கேள்வி கேட்க வேண்டும். ‘கல்யாண மண்டபம் வந்தால் வருமானம் வருமே’ என்பது மூன்றாவது வாதம். வருஷத்தில் முகூர்த்த நாள் எத்தனை? ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். அறுவடை முடிந்து தானியம் கிடங்கில் தங்குகிற மாசங்கள் எத்தனை? கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கட்டும். இரண்டு கட்டு இருந்தால் ஒரு கட்டில் தானியம் போடலாம். மற்றொரு கட்டில் ஜன்னல் திறந்து, நாலு மேஜை போட்டு, புத்தகம் அடுக்கலாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இடமில்லாமல் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படிக்கிற ஊர்கள் எனக்குத் தெரியும். தானியமும் ஏடும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் நம் மரபுக்கு விரோதம் ஒன்றுமில்லை.

வாசலில் ஒரு கல் நடுங்கள். கட்டினவர் பெயரையும் திறந்து வைத்தவர் பெயரையும் வெட்டுவதற்கு நமக்குக் கல் எப்போதும் கிடைக்கிறது. இந்தக் கல்லில் வேறு பெயர்களை வெட்டுங்கள். அங்கே மூட்டை சுமந்தவர்கள், தூற்றிப் புடைத்த பெண்கள், எடை போட்டவர்கள், இரவில் காவல் இருந்தவர்கள். கேட்டால் சொல்ல ஊரில் இன்னும் நாலு முதியவர்கள் இருப்பார்கள். அவர்களும் போன பின் கேட்க ஆளிராது.

நம் மாநிலத்தில் பழைய சின்னங்களைக் காப்பதற்கென்று 2012-ல் ஓர் ஆணையச் சட்டம் இயற்றினார்கள். நல்லதுதான். ஆனால் பட்டணத்துப் பெரிய கட்டிடங்களைத் தாண்டி, சின்னசேலம் வட்டாரத்து ஒரு தானியக் கொட்டடி வரைக்கும் ஆணையத்தின் கண் வந்து சேர எத்தனை காலம் ஆகும்? அதுவரை கடப்பாரை காத்திருக்குமா? ஊர் காரியத்தை ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு இடமும் இருக்கிறது, நாளும் இருக்கிறது. மே மாதம் முதல் தேதி ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூட வேண்டும். 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் தொழிலாளர்களைக் கூட்டி இந்த நாட்டில் முதன்முதலாக மே தினம் கொண்டாடினாரே, அதே தேதி. உழைத்தவர்களுக்கான அந்த நாளில், உழைத்தவர்கள் வியர்வை சிந்திய ஒரு கட்டிடத்தைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். ‘இடிக்கலாமா?’ என்று கேட்காதீர்கள். ‘இதில் யாரைக் குடிவைக்கலாம், எதைப் போட்டு வைக்கலாம்?’ என்று கேளுங்கள். கேள்வியை மாற்றினால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி. மீதிப் பாதிக்கு, கூட்டத்தில் எழுந்து நிற்கிற நாலு பேர் போதும்.